மூட்டைக்கு முதல் வாய்

நாய் டாக்டரம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி நாலாயிரத்து எழுநூற்று நாற்பது. பாக்கி கொக்கியின் பேரில் இருந்தது. ஆனால் நாய் கொக்கி ஒருவனுடையது அல்ல. மாவுக் குடோனில் மூட்டை தூக்கும் பத்துப் பேருக்கும் அது பொது. முதல் தடவை அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன் என்பதால், "யார் பேர்ல எழுதுறது?" என்று அங்கே கேட்டபோது மற்ற ஒன்பது பேரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

கல்யாண வீட்டுக்குப் போனாலும் இடுப்பில் மூட்டைக் கொக்கியோடு போகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பேர். நாயின் பேர் மூட்டை. குட்டியாக அது சாக்குகளுக்கு நடுவே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தபோது, சித்தப்பா சின்ன மூட்டை என்று நினைத்து அதைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டார். "டேய், இந்த மூட்டைக்கு உசிரு இருக்குடா!" என்று அவர் போட்ட கூச்சலில் பேர் ஒட்டிக்கொண்டது. சித்தப்பா யாருக்கும் சித்தப்பா இல்லை. கூட்டத்தில் மூத்தவர், அவ்வளவுதான். அவரை வேறு எப்படியும் யாரும் கூப்பிட்டதில்லை.

அந்தக் குடோனில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் பத்துப் பேரும் ஓர் அட்டியின் நிழலில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கூரை முட்ட அடுக்கிய மூட்டைகளின் அட்டி. மூட்டை வந்து குரைத்தது, கத்தியது, கடைசியில் சித்தப்பாவின் தூக்குப் பாத்திரத்தைக் கவ்விக்கொண்டு வெளியே ஓடியது. கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு எல்லோரும் பின்னால் ஓடினார்கள். வாசலைத் தாண்டவும் அட்டி சரியவும் சரியாக இருந்தது. மாவுப் புகை அடங்கியபிறகு, உட்கார்ந்திருந்த இடம் தெரியவில்லை. அன்றிலிருந்து, யார் சோற்றைத் திறந்தாலும் முதல் வாய் மூட்டைக்கு. அதற்குக் கொடுக்காமல் கை நனைத்தால் அட்டி கழுத்தில் விழும் என்று சித்தப்பா சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. கழுத்து எல்லோருக்கும் ஒன்றுதானே இருக்கிறது.

அப்படிப் பத்து வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய்க்குத்தான் அரிப்பு வந்தது. காதைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டது. பாதங்களை நக்கி நக்கிச் சிவக்க வைத்தது. அடிவயிற்றில் முடி கொட்டி, பக்கத்தில் போனால் வாடை. டாக்டரம்மா ஊசி போட்டால் கொஞ்ச நாள் அடங்கும். பிறகு பழையபடி. ஊசி, காதுக்குச் சொட்டு மருந்து, மறுபடி ஊசி என்று பாக்கி ஏறிக்கொண்டே போனது.

முதலாளிக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. "மாவு வாங்க வர்றவன் கண்ணு முன்னாடி நின்னு சொறியுது. ஸ்டாக் எடுக்க ஆளு வர்றதுக்குள்ள இது குணமாகணும். இல்லன்னா நாய் பிடிக்கிற வண்டிக்குச் சொல்லிடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாதீங்க."

அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஸ்டாக் எடுப்புக்கு நாலு மாதம்கூட இல்லை.

கொக்கியும் சித்தப்பாவும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா இந்தத் தடவை ஊசியை எடுக்கவில்லை. பொடிச் சீப்பால் நாயின் முதுகு முழுக்க வாரி, வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்தார். ஓர் உண்ணி இல்லை, ஒரு தெள்ளுப்பூச்சி இல்லை.

"ஊசி போட்டு அரிப்பை அமுக்கிக்கிட்டே இருக்கோம். காரணம் அப்படியே உள்ள இருக்கு. எனக்கென்னவோ சாப்பாட்டு மேலதான் சந்தேகம்."

கொக்கிக்குச் சுருக்கென்றது. "சாப்பாட்டுல என்னம்மா குறை? பத்து வீட்டுச் சாப்பாடு சாப்பிடுது. நான்கூட ஒரு வீட்டுச் சாப்பாடுதான்."

"அதுதான் குறை. பத்துல எது ஒத்துக்கலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடாதாம்மா?"

"இதுக்கு அதை நம்ப முடியாது. ஒரே வழிதான். இதுவரைக்கும் இது வாயில படாத ஒரு கறி, வாயில படாத ஒரு கிழங்கோ தானியமோ. அந்த ரெண்டு மட்டும் எட்டு வாரம். அரிப்பு நின்னுச்சுன்னா, பழைய சாப்பாட்டை ஒண்ணொண்ணாக் கொடுத்து எது கிளப்புதுன்னு பார்க்கலாம். சொல்லுங்க, இது சாப்பிடாதது என்ன?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோழி?"

"சாப்பிட்டிருக்கு."

"ஆடு, மாடு?"

"எலும்பைக்கூட விடலை."

"முட்டை, தயிர், ரொட்டி?"

"அம்மா, என் செருப்பு ஒரு கால்ல பாதிதான் இருக்கு," என்றார் சித்தப்பா. "சாப்பிடாததுன்னு பார்த்தா எங்க முதலாளியைத்தான் சொல்லணும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை வாயில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் கொக்கிக்குப் பொறி தட்டியது. "மீன்! மீன் சாப்பிட்டதில்லம்மா!"

குடோனுக்குள் மீன் கொண்டுவரக் கூடாது. மாவு எந்த வாடையையும் உடனே வாங்கிக்கொள்ளும். ஒரு தடவை யாரோ வறுத்த மீன் கொண்டுவந்து, ஒரு லோடு மாவு திரும்பி வந்துவிட்டது. அதிலிருந்து எந்தச் சோற்றுப் பாத்திரத்திலும் மீன் வந்ததில்லை. கிழங்கில் சர்க்கரைவள்ளி என்று முடிவானது. அதை யாரும் சோற்றோடு கட்டிக்கொண்டு வருவதில்லை.

"மீனை வேக வச்சு, முள்ளு ஒண்ணு விடாம எடுக்கணும். கிழங்கும் வெறுமனே வேகணும். உப்பு, எண்ணெய், வெங்காயம், மசாலா எதுவும் ஆகாது. ருசி போட்ட மாத்திரைகூட என்னைக் கேக்காமக் கொடுக்காதீங்க. ஒரு பிஸ்கட் துண்டு, ஒரு மடக்கு டீ உள்ள போனாலும் மறுபடி முதல்லயிருந்துதான்." பாக்கியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அது கொக்கிக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. அன்றைய பணத்தை மட்டும் கையோடு கொடுத்தான். இனிமேல் ஒரு காசு ஏறக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். மீன் சமைப்பதற்கு அவள் முகம் சுளிக்கவில்லை. வேறொன்றுக்குத்தான் சுளித்தாள்.

"நாய் வாயைக் கட்டிடலாங்க. பத்துப் பேரு கையை யாரு கட்டுறது?"

அதுதான் நடந்தது. மறுநாள் மத்தியானம் மனைவி வேகவைத்த மீனும் கிழங்கும் இருந்த சட்டியைக் குடோனுக்கு வெளியே வைத்து, கொக்கி விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் தலையாட்டினார்கள். சித்தப்பா மட்டும் தூக்குப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டார்.

"முதல் வாய் கொடுக்காம நான் சாப்பிட மாட்டேன்."

"சித்தப்பா, டாக்டரம்மா சொல்றப்ப நீங்களும்தானே நின்னீங்க? இந்தச் சட்டியில இருக்கிற மீனை எடுத்துக் கொடுங்க. கொடுத்த மாதிரிதானே?"

"எப்படிடா ஆகும்? அது நாய்ச் சோறு. அதோட சோத்தை எடுத்து அதுக்கே கொடுத்தா, நான் கொடுத்தது என்ன? என் சோத்துலயிருந்து போகணும். டாக்டரம்மாவா வந்து மூட்டை தூக்குறாங்க? என் கழுத்துடா."

மற்றவர்களும் ஒவ்வொருவராக மூடியைப் போட்டார்கள். லாரி காத்திருக்கிறது, பத்துப் பேரும் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் மூட்டை ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறது. கொக்கிக்கு எரிச்சல் தலைக்கேறியது. சட்டியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தான். பாதியை நாய்க்கு நீட்டினான். மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

உப்பில்லாத மீன், உப்பில்லாத கிழங்கு. சுவரைப் பெயர்த்துத் தின்பது போல இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் மென்று விழுங்கினான்.

"இப்ப இது என் சோறு," என்றான். "என் சோத்துலயிருந்துதான் முதல் வாய் போயிருக்கு. கேள்வி இருக்கா?"

சித்தப்பா தன் தூக்குப் பாத்திரத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டியில் கையை விட்டார். பாதி நாய்க்கு, பாதி தனக்கு. அவர் முகம் போன போக்கைப் பார்த்து மற்ற எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கள் முறை வரும்வரைதான் அந்தச் சிரிப்பு.

மீன் வாடைக்காக அன்றிலிருந்து பந்தி குடோனுக்கு வெளியிலேதான். எடைமேடைக்கு அந்தப் பக்கம், வெளிக் கதவைத் தாண்டி, சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, எலுமிச்சம் தோலால் இன்னொரு தடவை தேய்த்து, ஒருத்தர் கையை ஒருத்தர் மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். தெருவில் போகிறவர்கள், இத்தனை தடித்தடி ஆம்பிளைகள் எதற்கு ஒருத்தர் கையை ஒருத்தர் மோந்து பார்க்கிறார்கள் என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு மாதம் ஓடுவதற்குள் மூட்டை ராத்திரியில் சொறியும் சத்தம் நின்றுவிட்டதாகக் காவல்காரர் சொன்னார். காதில் வாடை போனது. அடிவயிற்றில், மீசை அரும்புகிற பையன் மாதிரி, பூனைமுடி தலைகாட்டியது. பத்துப் பேரும் முறை வைத்து அதைப் புரட்டிப் போட்டு வயிற்றைப் பார்த்தார்கள். பக்கத்துக் குடோன்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார்கள். "எங்க சமையல்," என்று ஒருத்தன் சொல்ல, "எங்க வயிறு," என்று இன்னொருத்தன் சேர்த்துக்கொண்டான்.

பிறகு ஒரு காலையில் கொக்கி வந்து பார்த்தால், மூட்டை பின்னங்காலால் காதைப் போட்டு அறைந்துகொண்டிருந்தது. பாதமெல்லாம் சிவப்பு.

யாரோ ஏதோ கொடுத்திருக்கிறார்கள். யார்? அவன் கண் நேராகச் சித்தப்பாவின் கையில் இருந்த டீ டம்ளருக்குப் போனது. அடி டீயை நாய்க்கு ஊற்றுவது அவருடைய பழைய பழக்கம்.

"சித்தப்பா, உங்க டம்ளர்தானே? உண்மையைச் சொல்லுங்க."

"நான் ஊத்தலைடா."

"பின்ன யாரு? அது தானா டீக்கடைக்குப் போய்க் குடிச்சிட்டு வந்துச்சா? உங்களாலதான் அது வண்டியில ஏறப் போகுது. நல்லா இருங்க."

சித்தப்பா டம்ளரில் மிச்சமிருந்த டீயைத் தரையில் கவிழ்த்தார். அன்று மத்தியானம் பந்திக்கு வரவில்லை. அட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து, ஒன்றும் சாப்பிடாமல், பீடி பிடித்தார்.

சாயங்காலம் கொக்கி நாயோடு டாக்டரம்மா முன்னால் நின்றான். வேலை முடிந்த கையோடு வந்திருந்தான், குளிக்கவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிஸ்கட்? இல்லை. எலும்பு? இல்லை. டீ? "ஒருத்தர் மேல சந்தேகம்மா," என்றான். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூட்டை அவன் கெண்டைக்காலை நக்க ஆரம்பித்தது. நிதானமாக, ரசித்து நக்கியது.

"எப்பவும் இப்படித்தான் நக்குமா?"

"ஆமாம்மா. வேர்வை உப்புக்கு. எல்லார் காலையும் நக்கும். எங்களுக்கும் இதமா இருக்கும்."

"இந்த வாரம் என்ன லோடு இறக்கினீங்க?"

"எப்பவும் போல மாவு. அப்புறம், ஆங், பால் பவுடர் ரெண்டு லாரி. அதுல நாலு மூட்டை கிழிஞ்சு..."

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். முதுகில் கொட்டிய பவுடர் வேர்வையில் கரைந்து, முழங்காலுக்குக் கீழே பசை போல வழிந்து காய்ந்திருந்தது. நாய் ஒரு கெண்டைக்காலைச் சுத்தமாக முடித்துவிட்டு அடுத்ததற்கு வந்திருந்தது.

"உங்க சந்தேகம் யார் மேல?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இப்ப என் கால் மேலதாம்மா."

"முடிவாச் சொல்ல முடியாது. ஆனா பால்தான்னு எனக்கும் தோணுது. மறுபடி எட்டு வாரம். இந்தத் தடவை காலையும் கழுவுங்க."

கணக்குப் போட்டுப் பார்த்தான். எட்டு வாரம் முடியவும் ஸ்டாக் எடுப்பு வரவும் சரியாக இருக்கும். இன்னொரு தடவை தவறினால் அவ்வளவுதான்.

மறுநாள் பந்தியில் எல்லோர் முன்னாலும் அவன் எழுந்து நின்றான். "சித்தப்பா, உங்க டம்ளர் இல்ல. என் காலு. பால் பவுடரை நாம எல்லாரும் கால்ல பூசிக்கிட்டு அதுக்கு ஊட்டியிருக்கோம். நான் சொன்னது தப்பு."

சித்தப்பா அவன் காலை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் காலு சரியில்லன்னு நான் வருசக்கணக்கா சொல்லிக்கிட்டு இருக்கேன். எவன் கேட்டான்?"

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் சட்டியில் கையை விட்டுவிட்டார். அன்றைக்கு அவர் எடுத்த பிடி கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. அவர் பங்கு மூட்டைகளில் பாதியைச் சாயங்காலம்வரை கொக்கி தூக்கினான். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு குடோனில் புதுச் சட்டம் வந்தது. பால் பவுடர் லோடு என்றால் முதலில் மூட்டையை எடைமேடை அறையில் கட்டிவிட வேண்டும். இறக்கி முடித்ததும் பத்துப் பேரும் குழாயடியில் தலையிலிருந்து கால்வரை குளிக்க வேண்டும். கால் பார்க்கிற வேலை சித்தப்பாவுக்கு. தன்னைச் சந்தேகப்பட்ட கொக்கியின் காலைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பதில் அவருக்கு ஒரு தனி ருசி. "ஏய், விரல் இடுக்கைக் காட்டு. போய் இன்னொரு தடவை கழுவிட்டு வா, போ." லாரி டிரைவர்களைக்கூட விடவில்லை.

ஸ்டாக் எடுக்க ஆள் வந்த அன்று மூட்டை குடோன் வாசலில் காலை நீட்டிப் படுத்திருந்தது. உடம்பெங்கும் முடி மூடி, வெயிலில் எண்ணெய் தடவியது போல மின்னியது. வந்தவர் கண்ணாடி போட்ட, சிடுசிடுப்பான மனிதர். உள்ளே நுழைந்ததிலிருந்து எதையும் பாராட்டாதவர். நாயைக் கண்டு நின்றார். முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அந்த ஆள் குனிந்து, மூட்டையின் காதைத் திருப்பி உள்ளே பார்த்தார். கழுத்தைத் தடவினார்.

"நானும் ஒண்ணு வளர்க்கிறேன். இப்படி ஒரு தோலை நான் பார்த்ததில்லை. யாரோட நாய்?"

"நம்ம நாய்தாங்க," என்றார் முதலாளி.

அட்டிகளுக்கு நடுவே நின்றிருந்த பத்துப் பேர் காதிலும் அது விழுந்தது. சித்தப்பா ஓங்கி இருமினார். "கேட்டியாடா, நம்ம நாயாம்!" கொக்கிக்கு நெஞ்சு விம்மி, சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போல இருந்தது. அந்த ஆள் நகர்ந்ததும் முதலாளியின் பக்கத்தில் போய் நின்றான். "அப்ப டாக்டரம்மா பாக்கி ஒண்ணு இருக்குங்க, நம்ம நாய்க்கு." முதலாளிக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்துவிட்டது.

போனால் போகிறது. வண்டிப் பேச்சும் அன்றோடு போனது.

அதன்பிறகு டாக்டரம்மா சொன்னபடி பழைய சாப்பாட்டை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கோழி மட்டும் கொஞ்ச நாள், ஒன்றும் இல்லை. முட்டை, ஒன்றும் இல்லை. ரொட்டி, ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றையும் தாண்டும்போது குடோனில் ஒரே ஆரவாரம். கடைசியாகப் பால், ஒரு சின்னக் கிண்ணம். மறுநாளே காதுக்குப் போய்விட்டது பின்னங்கால். உடனே நிறுத்தினார்கள், சில நாளில் அடங்கியது.

"பால், தயிர், டீ, பால் போட்ட பிஸ்கட் எதுவும் ஆயுசுக்கும் வேண்டாம்," என்றார் டாக்டரம்மா. "மத்தபடி என்ன கொடுக்கலாம், என்ன சேர்க்கணும்னு சொல்றேன். வெறும் மீனும் கிழங்கும் காலத்துக்கும் போதாது." பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "படிச்சவங்க, வீட்டுல ஒத்தை நாய் வச்சிருக்கிறவங்களே ரெண்டாவது வாரத்துல விட்டுடுவாங்க. நீங்க பத்துப் பேரு, மறுபடி முதல்லயிருந்து ஆரம்பிச்சு முடிச்சிருக்கீங்க. அந்தப் பாக்கியை நான் தள்ளிட்டேன். விடுங்க."

கொக்கிக்கு முகம் சிவந்தது. "அப்படிச் சொல்லாதீங்கம்மா. எங்களுது ஓசி நாய் இல்ல."

சுவர் ஓரத்தில் பெட்டிகள் கட்டி வைத்திருந்ததை அப்போதுதான் கொக்கி கவனித்தான். ஆஸ்பத்திரி மாடிக்கு மாறுகிறதாம். ஆபரேஷன் மேசை, எக்ஸ்ரே மெஷின், இரும்புக் கூண்டுகள் எல்லாம் மேலே போக வேண்டும். தூக்கி ஏற்ற வருகிற ஆட்கள் மூவாயிரத்து ஐந்நூறு கேட்டிருக்கிறார்களாம்.

"அவங்களை வர வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரும் வந்தார்கள். குறுகிய மாடிப்படி, நடுவில் ஒரு திருப்பம். "நிமித்து! ஒருக்களி! ஏய் கொக்கி, அந்தக் கெட்ட காலை முன்னாடி வைக்காதே!" என்று கீழே இருந்து சித்தப்பாவின் குரல். சுவரில் ஒரு கீறல் விழாமல், எக்ஸ்ரே மெஷினின் கண்ணாடி அதிராமல், எல்லாம் மேலே போனது. மேசையை வைத்த இடத்தில் டாக்டரம்மா ஒரு தண்ணீர் டம்ளரை வைத்துப் பார்த்தார். தண்ணீர் சாயவில்லை.

அந்தக் கூலியைப் பாக்கியில் கழித்ததும் மீதி ஆயிரத்து இருநூற்று நாற்பது. ஆளுக்கு நூற்று இருபத்து நாலு. சில்லறையோடு கொண்டுவந்திருந்தார்கள். டாக்டரம்மா மறுக்கவில்லை. மேசை மேலேயே எண்ணி வாங்கிக்கொண்டு, கணக்குப் புத்தகத்தைத் திறந்து, கொக்கியின் பேருக்கு நேரே ஒரு கோடு கிழித்தார்.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "இன்னொரு கோடு போடுங்கம்மா," என்றார். "நல்லா அழுத்தி."

அவர் அழுத்திப் போட்டார்.